சீக்கிரம் விளையும் உருளை... சீக்கிரமே சமையுங்க!

"வைத்தியரே, உருளைக்கிழங்குன்னா வாயுதானே?" குமாரபாளையத்தில் என்னிடம் வரும் தாய்மார்கள் கேட்பது இதைத்தான். வாயுவுக்குச் சீரகம், இஞ்சி, பூண்டு சேருங்க, போதும். பயப்பட வேண்டியது வேறு!

சிம்லா மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் 'குஃப்ரி புக்ராஜ்' ரகம் 1998-ல் வெளியானது. 70 முதல் 90 நாளில் விளைந்துவிடும். சதை மஞ்சள், நீர்ச்சத்து அதிகம். குழம்பு, பொரியலுக்கு அருமை, சிப்ஸுக்கு ஆகாது. இளசாகத் தோண்டிய கிழங்கில் தோல் உரியும். அதிக நாள் தாங்காது.

அதனால் மூட்டையாக வாங்காதீங்க. ஒரு வாரத்துக்கு வாங்கி, வெளிச்சம் படாமல், காற்றோட்டமாக வையுங்க. பச்சை பாய்ந்தது, முளைவிட்டது, கசப்பது... தூக்கி எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்துவிடும். நாலு கிழங்கை மிச்சம் பிடிக்கப் போய் பிள்ளையைப் படுக்க வைக்கலாமா?