புதிய தெளிப்பான் வாங்கும் முன் பழையதன் அழுத்தத்தை அளந்து பார்ப்போம்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை, வண்டன்மேடு, பூப்பாறைப் பகுதிகளில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு மே மாதத்தின் கடைசி நாட்களைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் போர்டோ கலவையை ஒரு சுற்று அடித்து முடித்தாக வேண்டும். அழுகல் நோய் மழையோடு வருவது. வந்த பின் அடிக்கும் மருந்து வருமுன் அடித்ததற்கு ஈடாகாது. பாலக்காட்டு எல்லையில் முதலமடை மாந்தோப்புகளுக்கு இதே நெருக்கடி கார்த்திகை, மார்கழியில், பூங்கொத்துகளை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் வடிவில் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு காலையில் பெட்ரோல் விசைத்தெளிப்பானின் கயிற்றை இருபது முறை இழுத்தும் இயந்திரம் உயிர்பெறவில்லை என்றால், புதியது வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு வருவது மனித இயல்பே.

கடன் வழங்குவதே நமது தொழில். ஆயினும் பதற்றத்தில் வாங்கும் கடன் வாடிக்கையாளருக்கும் நல்லதன்று, வங்கிக்கும் நல்லதன்று. பத்து நிமிடச் சோதனை ஒன்று அந்தக் கடன் தேவையா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பெட்ரோல் இயந்திரம் ஓட எரிபொருள், தீப்பொறி, அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். முதலிரண்டையும் கண்ணால் பார்க்கலாம். ஸ்பார்க் பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பிளக் முனையில் பொறி பறந்தால் காயில் வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு இறுக்குகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே அது கடைசியாகச் சந்தேகிக்கப்படுகிறது. பிளக் மாற்றி, காயில் மாற்றி, கார்புரேட்டரையும் மாற்றிய பிறகு, கோளாறு பிஸ்டன் ரிங்கில் என்று தெரியவரும்போது பழுதுச் செலவே ஒரு சிறு கடனளவுக்கு வளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீண்ட குழாயுடன் கூடிய பெரிய தெளிப்பான்களில் பம்பின் மீது ஒரு மானி பொருத்தப்பட்டிருக்கும். அது காட்டுவது மருந்து நீரின் அழுத்தம். இயந்திரத்தின் அழுத்தம் அன்று. பம்பின் வாஷர் தேய்ந்தாலும் அந்த முள் இறங்கும். அதைப் பார்த்து இயந்திரம் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இயந்திர அழுத்தத்தை அளக்கும் மானி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்ப் பட்டறைகளில் உள்ள சில மானிகளின் நீண்ட ரப்பர் குழாய், 35 அல்லது 50 சி.சி. அளவுள்ள சிறிய சிலிண்டருக்குப் பொருந்தாது. அந்தக் குழாயை நிரப்பவே காற்றின் பெரும்பகுதி செலவாகி, நல்ல இயந்திரத்தையும் நோயாளியாகக் காட்டும். பிளக் துளையில் திருகும் முனையிலேயே சிறு வால்வு உள்ள மானியே சரியானது. மரையின் அளவும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்; கழற்றிய பிளக்கைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

சோதிக்கும் முன் தெளிப்பானில் ஒட்டியுள்ள மருந்தைக் கழுவி, கையுறை அணிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தலாம். பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் மூடியிலேயே செருகி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் உடலைத் தொடுமாறு, துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். துளை வழியே பெட்ரோல் ஆவி பீறிடும் என்பதால் அருகில் பீடியோ தீயோ ஆகாது. பிறகு மானியைத் திருகி, சோக்கைத் திறந்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துக் கயிற்றை ஆறேழு முறை வேகமாக இழுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திறக்க மறப்பதே பலரும் செய்யும் தவறு. காற்று உள்ளே வராமல் இறுக்குவதற்கு என்ன இருக்கிறது? முள் மேற்கொண்டு ஏறாமல் நிற்கும் இடமே அளவு.

முதுகில் சுமக்கும் டூ ஸ்ட்ரோக் தெளிப்பான்களில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 90-க்குக் கீழே இறங்கும்போது தொடங்கச் சிரமப்படும்; சூடானபின் நின்றுவிடும். துல்லியமான எல்லையை அந்தந்தத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்ப்பதே முறை.

மலையில் இருப்போர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தைவிட 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைவு. பாலக்காட்டுச் சமவெளியில் 120 காட்டும் அதே இயந்திரம் ஏலமலையிலோ நெல்லியாம்பதியின் மேட்டிலோ 105 அளவில்தான் காட்டும். அது தேய்மானம் அன்று. பொள்ளாச்சியிலோ போடிநாயக்கனூரிலோ எடுத்த அளவைத் தோட்டத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

அளவு குறைவாக இருந்தால் துளை வழியே சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். முள் கணிசமாக உயர்ந்தால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் சிலிண்டர் தலை கேஸ்கட்டையும், ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வுகளையும் சந்தேகிக்கலாம். ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரங்கள் பலவற்றில், கயிறு எளிதாக இழுபடுவதற்காக அழுத்தத்தைத் தானே சிறிது வெளியேற்றும் அமைப்பு உண்டு. அவற்றில் மானி எப்போதும் குறைவாகவே காட்டும். காற்றை உள்ளே செலுத்திக் கசிவு பார்க்கும் சோதனையைப் பட்டறையில் செய்துகொள்வதே தகும்.

அளவு நன்றாக இருந்தால் புதிய இயந்திரத்துக்குக் கடன் கேட்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை. கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டர் அடைப்பிலோ, புகைபோக்கியில் படிந்த கரியிலோ, கிராங்க் அறையின் ஆயில் சீல் கசிவிலோ இருக்கும். அளவு குறைந்து, ரிங் மட்டுமே தேய்ந்திருந்தால் அதுவும் சிறிய செலவே. சிலிண்டரில் கீறல் விழுந்திருந்தால் யோசிக்க வேண்டும். இச்சிறு இயந்திரங்கள் பலவற்றின் சிலிண்டரில் உள்ள கடினமான உட்பூச்சினால் அதைக் கடைந்து பெரிதாக்க இயலாது; சிலிண்டரும் பிஸ்டனும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தச் செலவு புதிய தெளிப்பானின் விலையில் பாதியைத் தாண்டுமானால் புதியதே மேல் என்பது நமது கருத்து.

பழுதுக்கும் பணம் வேண்டுமே என்போர்க்கு ஒரு செய்தி. 2012-இல் திருத்தியமைக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டு திட்டத்தில், கடன் வரம்பைக் கணக்கிடும்போது பண்ணைச் சொத்துகளின் பழுது மற்றும் பராமரிப்புக்கென 20 விழுக்காடு சேர்க்கப்பட்டது. அட்டை வைத்திருப்போர் பலர் இதை அறியாமல், ரிங் மாற்றத் தனியாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள். தங்கள் வரம்பில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று கிளையில் கேட்டுப் பார்க்கலாம். புதியதே வேண்டுமென்றால், வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மானியத்துக்கு வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; பில்லோடு வந்து மானியம் கேட்பது பயன்தராது.

சிலிண்டரில் கீறல் விழுவதற்குப் பெரும் காரணம் எண்ணெய்க் குறைவு. 25:1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. ஆளுக்கொரு மூடிக் கணக்கு வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மலைக்காலத்து ஈரத்தில் மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எண்ணெய் மேலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடுத்த முறை இழுக்கும்போது இயந்திரம் முதலில் குடிப்பது எண்ணெயில்லாத அந்த அடிநீரைத்தான். ஆகவே பருவம் முடிந்ததும் டாங்கை வடித்து, கார்புரேட்டர் காயும்வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

புதிய தெளிப்பான் வாங்கியவர்கள் முதல் சில மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை அழுத்தத்தை அளந்து, தேதியோடும் இடத்தோடும் உத்தரவாத அட்டையின் பின்புறம் குறித்து வைக்கலாம். பின்னாளில் மானி காட்டும் எண்ணை ஒப்பிட அதைவிட நம்பகமான எண் வேறெங்கும் கிடைக்காது.