போர்விமானியின் தாகம்: கருவியும் உடலும்

தொழிற்கருவி ஒவ்வொன்றும், அதனைக் கையாள்பவர் யார் என்பது பற்றிய எடுகோள் ஒன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. ஐக்கிய அமெரிக்க விமானப்படையினர் பறப்பின்போது சிறுநீர் கழிப்பதற்கு வழங்கப்பட்ட உபகரணங்களை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

போர்விமானியின் அறையில் கழிப்பறை இல்லை. பெருங்கடல் கடக்கும் பறப்புகள் எட்டு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிப்பதுண்டு. விமானி இருக்கையோடு பட்டிகளாற் பிணிக்கப்பட்டிருப்பார். அவருக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டது, நீரை உறிஞ்சும் பஞ்சு கொண்ட பிளாஸ்ரிக் பையாகும். ஆணொருவர் உடையின் முன்புறத்தைத் திறந்து அதனைப் பயன்படுத்தலாம். பெண்ணோ பட்டிகளைத் தளர்த்தி, உடையைக் களைந்து, இருக்கையிலிருந்து உயர்ந்தே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

1993 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் லெஸ் அஸ்பின் போர்விமானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிடுமாறு பணித்தார். ஆணை மாறியது, கருவி மாறவில்லை. விமானியறையின் அளவுகள்கூட, 1967இல் ஆண் விமானிகளிடம் பெறப்பட்ட உடலளவைகளையே பல்லாண்டுகள் தழுவி நின்றன. பெண் விமானிகள் சிலர் உறிஞ்சும் உள்ளாடையை அணிந்தனர். வேறு சிலர் பறப்புக்கு முன்னரே நீர் அருந்துவதைத் தவிர்த்தனர்.

'தந்திரோபாய நீரிழப்பு' என்று விமானிகள் குறிப்பிடும் இவ்வழக்கத்தை வெறும் அசௌகரியமாகக் கருதலாகாது. விமானம் வேகமாகத் திரும்பும்பொழுது குருதி தலையிலிருந்து கால்களை நோக்கித் தள்ளப்படுகின்றது. உடலில் நீர் குறையின் குருதியின் கனவளவு குறையும். அவ்விசையைத் தாங்கும் ஆற்றலும் குன்றும். சில கணங்கள் நினைவிழப்பதே உயிரிழப்புக்குக் காரணமாகலாம்.

இதற்குத் தொழினுட்ப வறுமை காரணம் எனக் கூறமுடியாது. 1983இல் ஸலி றைட் விண்வெளி செல்லும் முன்பே, பெண்களுக்கென உறிஞ்சும் ஆடையொன்றை நாசா வடிவமைத்திருந்தது. போர்விமானத்திலோ, 2000களில் மின்கலப் பம்பியுடன் கூடிய கருவிகள் வந்த பின்னரும் பெண்களுக்குப் பொருந்துவதில் குறைகள் தொடர்ந்தன. தீர்வு தேடி 2020இல் விமானப்படை வடிவமைப்புப் போட்டியொன்றை நடத்தியது. புதிய கருவிகளில், உடையினுள் அணியப்படும் பஞ்சணை ஏற்கும் சிறுநீரைப் பம்பி பைக்குள் இழுக்கின்றது. பட்டிகளைக் கழற்ற வேண்டியதில்லை.

இம்மாற்றத்தை வெறும் மனிதாபிமானமாக விளங்கிக்கொள்வது பொருந்தாது. பெருஞ்செலவிற் பயிற்றிய விமானியின் செயற்றிறனைப் பேணுவது போர் இயந்திரத்தின் தேவையுமாகும். ஆயினும் இதன் படிப்பினை படைத்துறைக்கு அப்பாலும் செல்லும். சட்டம் வழங்கும் சமத்துவம் கருவியின் அமைப்பில் இடம்பெறாதவரை, அதற்கான விலையை உழைப்பவரின் உடலே செலுத்துகின்றது.