காய்கனிகளைக் கெடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும் முறை

புதுச்சேரி - விழுப்புரம் சாலையிலுள்ள திருபுவனையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் கோடையில் பறிக்கும் கத்தரி, வெண்டை, கீரை முதலியவை மறுநாளே வாடத் தொடங்குகின்றன. விளைவிப்பவர், மாலைவரை விற்காத சரக்கைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட நேர்கிறது. வாங்குபவர் வீட்டிலோ ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது. இவ்விரு நஷ்டங்களையும் பெருஞ்செலவின்றிக் குறைக்க வழியுண்டு. அதனை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

கெடுவதற்குக் காரணம் யாதெனில், பறித்த பின்னும் காய்கனிகள் உயிருள்ளவையே. அவை சுவாசிக்கின்றன; அதனால் உஷ்ணம் பிறக்கிறது; உள்ளிருக்கும் நீரும் ஆவியாய் வெளியேறுகிறது. உஷ்ணம் 10 டிகிரி மிகுந்தால் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்கு அல்லது மும்மடங்காகிறது. ஆகவே பெரும்பாலான காய்களுக்குக் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் வேண்டும்.

முதலாவது, விடியற்காலையில் பறித்து உடனே நிழலில் சேர்த்தல் வேண்டும். அடிபட்டவற்றைத் தனியே பிரித்து அன்றே சமைத்துவிடலாம். ஓர் அழுகல் கூடை முழுவதையும் கெடுக்கும். கழுவிய காய்களை ஈரம் உலராமல் மூடிவைத்தலாகாது.

மண்பானையில் ஜலம் குளிர்வதை யாவரும் அறிவர். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. இதையே கொண்டு, ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலிட்டு நனைத்து, வாயை ஈரத்துணியால் மூடினால் சிறு குடும்பத்திற்குப் போதிய குளிர்ப்பானை ஆகும். நைஜீரியா தேசத்தில் முகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர் 1995ல் இதனைக் கிராமங்களில் பரப்பத் தொடங்கி, 2000ல் ரோலெக்ஸ் பரிசு பெற்றார்.

அதிகச் சரக்குள்ளோர்க்கு, தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980க்குப் பின் வகுத்த செங்கல் குளிர் அறை ஏற்றது. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. காற்றோட்டமுள்ள நிழலில், ஏறத்தாழ 5½ அடி நீளமும் 3¾ அடி அகலமுமாகச் செங்கல் தளம் பரப்புக. அதன்மேல் 2¼ அடி உயரத்திற்கு இரட்டைச் சுவர் எழுப்பி, சுவர்களுக்கிடையே 3 அங்குலம் விட்டு ஆற்றுமணல் நிரப்புக. ஏறத்தாழ 400 செங்கல் பிடிக்கும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ கோணியோ தைத்து மூடி செய்க. மேலே கீற்றுக்கொட்டகை இன்றியமையாதது. மணலையும் சுவரையும் மூடியையும் காலை மாலை இருவேளையும் நனைத்தல் வேண்டும். காய்களைத் துளையுள்ள கூடைகளில் வைத்து உள்ளே அடுக்குக. சுமார் 100 கிலோ கொள்ளும். வறண்ட கோடையில் உள்ளுஷ்ணம் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி குறைந்து நிற்கும்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. ஆதலால் கடலை அடுத்த நம் பிரதேசத்தில், முக்கியமாய் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், இவ்வளவு குளிர்ச்சியை எதிர்பார்த்தல் கூடாது. அப்போது தண்ணீரைக் குறைத்து, பூஞ்சணம் பற்றாதபடி அடிக்கடி திறந்து பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பதும் தவறு. பழுக்கும் வாழை, மா, தக்காளி ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடும்; அது அருகிலுள்ள கீரையையும் வெள்ளரியையும் விரைவில் மஞ்சளாக்கும். வெங்காயத்திற்கு ஈரம் ஆகாது. உலர்ந்த காற்றோட்டமான பரணில் பரப்புக. உருளைக்கிழங்கை இருட்டில் தனியே வைக்க; வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமானது உண்ணத்தகாதது. முற்றிய பூசணியைக் காம்போடு பறித்து உலர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியுள்ளோரும் வாழைப்பழத்தை அதில் வைக்கலாகாது, தோல் கறுத்துப்போம்.

தனித்தனியே கட்ட இயலாதவர் நால்வர் ஐவர் கூடி ஓர் அறை கட்டிக்கொள்ளலாம்; செங்கலையும் மணலையும் சங்கத்தின் மூலம் மொத்தமாய் வாங்கினால் செலவு குறையும். குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் ஆலோசனையும் கேட்கலாம். சரக்கு இரண்டு நாள் வாடாமல் நிற்குமாயின், விலை பேசுகையில் விற்பவர் அவசரப்படவேண்டுவதில்லை. அந்த இரண்டு நாளே சிறு விவசாயிக்குக் கிடைக்கும் லாபமாகும்.