தானுந்துப் பந்தயத் தடங்கள்

தானுந்துப் பந்தயத் தடம் என்பது தானுந்துகள் போட்டியிட்டு ஓடுவதற்கான பாதை ஆகும். தொடக்கத்தில் பந்தயங்கள் நகரங்களுக்கு இடையிலான பொதுச் சாலைகளில் நடைபெற்றன. 1903 இல் பாரிஸ் – மாட்ரிட் பந்தயத்தில் போட்டியாளர்களும் பார்வையாளர்களும் உயிரிழந்ததால், பந்தயம் வழியிலேயே, போர்தோ நகரில் நிறுத்தப்பட்டது. இதன் பின்னர் மூடிய தடங்கள் பரவலாயின. 1907 இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ், பந்தயத்துக்கெனவே கட்டப்பட்ட தொடக்ககாலத் தடங்களுள் ஒன்றாகும். வடிவத்தையும் பயன்பாட்டையும் கொண்டு தடங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நீள்வட்டத் தடம்

இவ்வகை ஐக்கிய அமெரிக்காவில் மிகுதியாக உள்ளது. தானுந்துகள் பெரும்பாலும் இடஞ்சுழியாக ஓடுகின்றன. தட்டையான வளைவில் சக்கரங்களுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே வண்டியைத் திருப்புகிறது. தளம் உட்புறமாகச் சாய்ந்திருந்தால், தளம் தரும் எதிர்விசையின் ஒரு பகுதியும் வளைவின் மையத்தை நோக்கிச் செயற்படும். எனவே அதிக வேகத்தில் திரும்ப இயலும். இண்டியானாபொலிஸ் (1909), டேடோனா (1959) ஆகிய இரண்டும் 2.5 மைல் (சுமார் 4 கிமீ) நீளமுடையவை. ஆனால் முன்னதன் வளைவுகள் சுமார் 9 பாகையும் பின்னதன் வளைவுகள் 31 பாகையும் சாய்ந்துள்ளன.

சாலைவகைத் தடம்

இதில் இடப்புறமும் வலப்புறமும் திரும்பும் வளைவுகள், நேர்ப்பகுதிகள், ஏற்ற இறக்கங்கள் ஆகியவை கலந்திருக்கும். எனவே வேகத்துடன் தடுப்பாற்றலும் முக்கியமாகிறது. செருமனியின் நூர்பர்கிரிங் (1927) வடக்குச் சுற்று 20 கிமீக்கும் அதிக நீளமுடையது. இத்தகைய நீளத்தில் எல்லா இடங்களிலும் மீட்புக் குழுவினரை நிறுத்துவது கடினம். 1976 இல் இங்கு நடந்த விபத்தில் நிக்கி லவுடா கடும் தீக்காயமடைந்தார். எரியும் வண்டியிலிருந்து அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்களே. அதன் பின்னர் இச்சுற்றில் ஃபார்முலா 1 பந்தயம் நடைபெறவில்லை. புதிய தடங்களில் வளைவுகளுக்கு வெளியே, தடம் விலகும் வண்டிகள் வேகம் குறைந்து நிற்க அகன்ற வெளி விடப்படுகிறது.

தெருத் தடம்

நகரத் தெருக்களைத் தற்காலிகமாக மூடி அமைக்கப்படுவது. 1929 முதல் பந்தயம் நடைபெற்றுவரும் மொனாக்கோ இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். பாதை குறுகியது, தடுப்புச் சுவர்கள் மிக அருகில் உள்ளன. முந்திச் செல்வது அரிது என்பதால், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்று இங்கு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

நேர்த்தடம்

இரு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் ஓடும் தடம். வழக்கமான தொலைவு கால் மைல் (402 மீட்டர்). 2008 இல் ஓட்டுநர் இசுகாட் கலிட்டா இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்காவில் மிக வேகமான இரு பிரிவுகளுக்கு இது 1,000 அடியாகக் (305 மீட்டர்) குறைக்கப்பட்டது. எஞ்சிய தொலைவு வண்டியை நிறுத்தப் பயன்படுகிறது.

வானூர்தி ஓடுதளங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளங்கள் சில பின்னர் பந்தயத் தடங்களாயின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் சென்னைக்கு அருகிலுள்ள சோழவரமும் இவ்வகையின. பின்னர் சென்னைப் பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டையில் அமைக்கப்பட்ட நிலையான தடத்துக்கு மாறின. 2024 இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றித் தெருத் தடம் அமைக்கப்பட்டு இரவுப் பந்தயம் நடைபெற்றது.