பாரிஸின் பகிர்வுக் கார்கள் ஏன் நின்றன?

கார் வாங்க ஆசை இருந்தும், வட்டிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. வெளிநாட்டு நகரங்களில் அவர்களுக்கு ஒரு வழியாகச் சொல்லப்படுவது கார் பகிர்வு. பொது இடத்தில் நிற்கும் காரை நாமே எடுத்து ஓட்டி, ஓட்டிய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். மார்க்கத்தின் பார்வையில் இது வாடகை ஒப்பந்தம், இஜாரா. கார் நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நகரம் பாரிஸ். 2011 டிசம்பரில் பொல்லோரே குழுமமும் பாரிஸ் வட்டார நகராட்சிகளும் சேர்ந்து 'ஆட்டோலிப்' சேவையைத் தொடங்கின. எல்லாம் மின்சாரக் கார்கள். நன்றாக நடந்த காலத்தில் ஏறத்தாழ 4,000 கார்களும் ஒன்றரை லட்சம் சந்தாதாரர்களும் இருந்தனர். ஒரு நிலையத்தில் எடுத்த காரை வேறெந்த நிலையத்திலும் விடலாம்.

இந்த வசதியே சுமையாகவும் ஆனது. கார்கள் ஒரு பக்கம் குவிய, தேவைப்படும் இடத்தில் நிலையம் காலியாக இருக்கும். முன்னவர் போட்ட குப்பை இருக்கையில் கிடக்கும். சொந்தக் காரில் நாம் அப்படி விட்டுச் செல்வோமா? ஊபர் போன்ற வாடகைக் கார்கள் பெருகியதும், சுத்தமாக வந்து நிற்கும் வண்டிக்கே பலர் மாறினர்.

ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிபந்தனைதான் கடைசியில் முடிவைக் கொண்டுவந்தது. நட்டத்தில் 6 கோடி யூரோ வரை நிறுவனம் ஏற்கும். அதற்கு மேல் நகராட்சிகள், அதாவது வரி கட்டும் மக்கள். ஒப்பந்தம் முடியும் 2023-க்குள் நட்டம் 29 கோடி யூரோவைத் தாண்டும் என்று நிறுவனம் கணக்குக் காட்டியது. நகராட்சிகள் மறுத்தன. 2018 ஜூனில் ஒப்பந்தத்தை ரத்து செய்தன. ஜூலை இறுதியில் சேவை நின்றது.

பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் 1997-இல் இரண்டு கூட்டுறவுச் சங்கங்கள் இணைந்து உருவான 'மொபிலிட்டி' நிலைத்து நின்றது. அங்கே பங்கு வாங்கிய உறுப்பினர்களே உரிமையாளர்கள். எடுத்த காரை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவதுதான் அங்கு வழக்கமான முறை. பாரிஸ் அளவுக்கு வசதி இல்லைதான். ஆனால் அடுத்தவர் வரும்போது கார் அங்கே இருக்கும்.