புத்தொழில் நிறுவனமும் அதன் தலைமையும்: சாமராஜநகர் மாவட்டம் தரும் சான்று

நிலம், உழைப்பு, மூலதனம் என்று மூன்று காரணிகளை வைத்து உற்பத்தியை விளக்கி வந்த பொருளாதார நூலோர், நான்காவதாக 'அமைப்பு' என்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1890-ஆம் ஆண்டு ஆல்பிரட் மார்ஷல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். 1911-இல் ஜோசப் சும்பீட்டர் இன்னும் சற்று முன்னே சென்றார். புதிய பொருளைக் கண்டுபிடிப்பவர் வேறு, பணம் போடுபவர் வேறு, நடக்கின்ற தொழிலை நிருவகிப்பவர் வேறு. இருக்கின்றவற்றைப் புதிய முறையில் சேர்த்து நடைமுறைக்குக் கொண்டுவருபவரே தொழில் முனைவோர் என்று அவர் பிரித்துக் காட்டினார். இம்மூன்று வேலைகளையும் ஒருவரே செய்ய நேரலாம். தொடக்க நிலையில் உள்ள நிறுவனங்களில் பெரும்பாலும் அவ்வாறே நேருகிறது. சிக்கலும் அங்கேதான் தோன்றுகிறது.

நமது நாட்டில் புத்தொழில் நிறுவனங்களை ஊக்குவிக்கும் தேசிய இயக்கம் 2016 ஜனவரி 16 அன்று தொடங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் விதை நிதித் திட்டம் ஒன்றும் வந்தது. எண்ணம் நடைமுறைக்கு ஏற்றதா என்று மெய்ப்பித்துக் காட்ட 20 லட்சம் ரூபாய் வரை மானியமும், சந்தைக்குச் செல்வதற்கு 50 லட்சம் ரூபாய் வரை கடன் போன்ற உதவியும் வழங்க இத்திட்டம் வகை செய்தது. செலவாவது மக்கள் பணம். யாரை நம்பி அதனைக் கொடுக்கிறோம் என்ற கேள்வி எனவே முக்கியமானது. விண்ணப்பங்களில் பொருளைப் பற்றிக் கேட்கிறோம். சந்தையைப் பற்றிக் கேட்கிறோம். மூன்றாண்டு வரவு செலவு மதிப்பீட்டையும் கேட்கிறோம். தலைமையைப் பற்றி அறிய விண்ணப்பதாரரின் கல்வித் தகுதியைத் தவிர வேறு எதுவும் நம் கையில் இருப்பதில்லை.

இத்தகைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தெளிவாகவும் ஊக்கத்துடனும் பேசிய இளைஞர் ஒருவருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைத்தேன். அவருடைய நிறுவனம் ஈராண்டுக்குள் மூடப்பட்டது. பொருள் நல்ல பொருள், வாங்குவோரும் இருந்தனர். ஆனால் காசோலையில் கையெழுத்து, வாடிக்கையாளர் தொடர்பு, விலை நிர்ணயம் அனைத்தும் அவர் ஒருவரிடமே இருந்தன. அவர் மூன்று மாதம் நோய்வாய்ப்பட்டார்; அம்மூன்று மாதமும் நிறுவனமும் படுத்துவிட்டது. நான் ஆற்றல் என்று மதிப்பிட்டது உண்மையில் குறைபாடாக இருந்தது.

புதிய நிறுவனத்துக்குப் பெயர் கிடையாது. பழைய கணக்குகள் கிடையாது. ஈடு காட்டச் சொத்தும் கிடையாது. தலைவரின் சொல்லை நம்பித்தான் ஊழியர் வேலைக்கு வருகிறார், சரக்குக் கொடுப்பவர் கடனுக்குக் கொடுக்கிறார், வாங்குபவர் முதன்முறை வாங்குகிறார். வணிகர்கள் வழக்கில் சொல்வதானால், தலைவரின் நாணயமே நிறுவனத்தின் முதல். முதலில் அந்த நாணயத்தை ஈட்ட வேண்டும். பின்னர் அதனைத் தம்மிடமிருந்து பிரித்து நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். முதற் பாதியைச் செய்வோர் பலர். இரண்டாம் பாதியில்தான் தலைமையின் திறம் வெளிப்படுகிறது. இதற்கு நல்லதொரு சான்று பெங்களூரின் கணினி நிறுவனங்களிடையே அன்றி, கருநாடகத்தின் தென்கோடியில் உள்ள ஒரு மலைப்பகுதியில் கிடைக்கிறது.

மலைமேல் ஒரு தொடக்கம்

சாமராஜநகர் மாவட்டம் 1997-ஆம் ஆண்டு மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் இதன் எல்லையில் உள்ளன. பட்டுக்குப் பெயர் பெற்ற கொள்ளேகால் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இம்மாவட்டத்தின் பிலிகிரிரங்கன மலையில் சோலிகர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சத்தியமங்கலம் பக்கத்தில் இவர்களைச் சோளகர் என்பர். 1974-இல் இம்மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், காட்டை மாற்றி மாற்றிப் பயிரிடும் அவர்களுடைய பழைய வேளாண்மை முடிவுக்கு வந்தது. தேன், நெல்லிக்காய், சீயக்காய், பாசி ஆகியவற்றைச் சேகரித்து விற்பதும் கூலி வேலையும் அவர்களுக்கு எஞ்சின.

1973-ஆம் ஆண்டு பெங்களூரில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் எச். சுதர்சன், இம்மலையில் 1981-ஆம் ஆண்டு விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கினார். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பைப் புத்தொழில் நிறுவனத்துக்கு எவ்வாறு ஒப்பிடலாம் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பங்கு ஆதாயம் ஒன்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் நிலைமை ஒன்றே. கையில் பணம் இல்லை. முன்பின் பெயர் இல்லை. பயனாளிகளோ தமக்கென்று மூலிகை வைத்தியமும் மரபுவழி வைத்தியரும் உடையவர்கள். அயலாரை எளிதில் நம்பாதவர்கள். ஊசியும் மாத்திரையும் கொண்டுவந்த மருத்துவர் அங்கே சந்தையில் நுழையும் புதிய வணிகரைப் போன்றவரே.

அவர் மருத்துவத்தில் தொடங்கினார்; ஆனால் மருத்துவத்தோடு நிற்கவில்லை. நோய்க்குக் காரணம் வறுமையும் நிலமின்மையும் கல்லாமையும் என்று கண்டபின் பள்ளி வந்தது. தொழிற் பயிற்சியும் கூட்டுறவு முயற்சிகளும் வந்தன. எதை முதலில் செய்வது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். பிணி தீர்ந்தவர் சொல்லும் சொல்லுக்கு ஈடான விளம்பரம் இல்லை. அந்த நாணயத்தைக் கொண்டுதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரைக் கேட்க முடிந்தது. முதலிலேயே பள்ளியைத் திறந்திருந்தால் பெஞ்சுகள் காலியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அதன்பின் நடந்ததே நமக்கு முக்கியமானது. அப்பள்ளியில் படித்த சோலிகப் பிள்ளைகளில் சிலர் பட்டம் பெற்றனர். முனைவர் பட்டம் பெற்றவரும் உளர். சோலிகப் பெண்கள் துணைச் செவிலியர் பயிற்சி பெற்றனர். சோலிகர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டு, வன உரிமைக்காக அதிகாரிகளிடம் தாங்களே வாதாடினர். தொடங்கியவர் சொல்லிச் செய்த வேலைகளை, அவர் இல்லாதபோதும் செய்யத்தக்கவர்கள் உருவாயினர். 1994-ஆம் ஆண்டு இப்பணிக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது அது சுதர்சனுக்கும் கேந்திரத்துக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இது பொருத்தமானதே.

1986-ஆம் ஆண்டு யளந்தூர் வட்டத்தில் தொழுநோயை எதிர்த்துத் தொடங்கப்பட்ட கருணா அறக்கட்டளை, 1996-இல் கும்பள்ளி அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பிற்பாடு அருணாசலப் பிரதேசம் உட்படப் பல மாநிலங்களில் இத்தகைய நிலையங்களை ஏற்று நடத்தியது. மலைமேல் ஒரு மருத்துவர் தம் கண்ணெதிரே நடத்துவது ஒரு முறை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையத்தில் மருந்து இருப்பும் ஊழியர் வருகையும் ஒழுங்காக இருக்கும்படி செய்வது முற்றிலும் வேறு முறை. இங்கே தலைவரின் நற்குணம் மட்டும் போதாது. எழுதப்பட்ட நடைமுறையும் கணக்கும் பொறுப்புப் பகிர்வும் வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதையே காட்டுகிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்ததால் மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டும் பயன்பட்டது. அவர் 2006-இல் மறைந்த பின்னும் மருத்துவமனை வளர்ந்தது.

தேன் புட்டிக்குப் பின்னால்

வெற்றியை மட்டும் சொன்னால் பாடம் முழுமையாகாது. பிலிகிரிரங்கன மலையிலேயே 1990-களில் நேரடியாக வணிக முறையில் ஒரு முயற்சி நடந்தது. வனப்பொருள்களைச் சோலிகர் சேகரித்து, 'லேம்ப்ஸ்' எனப்படும் பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே விற்று வந்தனர். மூலப்பொருளாக விற்பதால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சேகரிப்புக் கூலியே. தேனை வடிகட்டிப் புட்டியில் அடைத்தும், நெல்லிக்காயை ஊறுகாயாக்கியும் விற்றால் கூடுதல் மதிப்பு மலையிலேயே தங்கும். காட்டிலிருந்து வருவாய் வந்தால் காட்டைக் காக்கும் அக்கறையும் பெருகும். இந்த எண்ணத்துடன் ஆராய்ச்சியாளர்களும் கேந்திரமும் சேர்ந்து பதனிடும் தொழிலகங்களை அமைத்தனர். பொருளாதாரத் தருக்கத்தில் குறை காண முடியாத திட்டம்.

ஆனால் மூலப்பொருளின் மீதான உரிமை தொழிலகத்திடமும் இல்லை, சேகரிப்பவரிடமும் இல்லை. 2002-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2006-இல் இச்சரணாலயத்தில் விற்பனைக்காக வனப்பொருள் சேகரிப்பது தடை செய்யப்பட்டது. அதே 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2011-ஆம் ஆண்டில்தான் சோலிகக் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டயங்கள் கிடைத்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் இம்மலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேகரிப்பை நம்பிய குடும்பங்கள் பட்ட துன்பத்தை எந்த வரவு செலவு மதிப்பீடும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. தம் தொழிலின் உயிர்நாடி யாருடைய கையில் இருக்கிறது என்பதைத் தலைவர் முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டும்.

நெல்லி மரத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மரங்களில் ஒட்டுண்ணிச் செடி படர்ந்து காய்ப்பு குறைந்து வந்தது. மிகுதியான சேகரிப்பே நெல்லிக்கு ஆபத்து என்ற கருத்து வெளியில் நிலவியது. சோலிகரோ, முன்பு கோடையில் சருகுக்கு இடும் சிறு தீ அந்த ஒட்டுண்ணியை அடக்கி வைத்திருந்தது, தீத்தடைக்குப் பின்னரே அது பெருகிற்று என்றனர். ஆராய்ச்சியாளர்கள் பின்னர் அக்கூற்றைப் பொருட்படுத்தி ஆய்வு செய்து வெளியிட்டனர். செய்தி அறிந்தவர் பெரும்பாலும் நிறுவனத்தின் அடித்தட்டில் இருக்கிறார். முடிவு செய்பவர் மேல்தட்டில் இருக்கிறார். பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தில்கூட இந்த இடைவெளி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனைக் குறைப்பதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. கேட்பதற்குப் பொறுமை வேண்டும், கேட்டதை ஏற்றுத் தம் முடிவை மாற்றிக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

அண்மைக் காலத்தில் இதே மலையின் சோலிகச் சிறு விவசாயிகள் நாட்டு மரங்களின் நிழலில் விளைவிக்கும் காபியை வாங்கி விற்கும் பிளாக் பாசா காபி என்ற நிறுவனம் தோன்றியுள்ளது. தொடங்கிய அர்ஷியா போஸ், காபித் தோட்டங்களில் உயிரினப் பாதுகாப்புக்கான சந்தை ஊக்கங்களை ஆராய்ந்தவர். இங்கே பயிர் விவசாயியின் சொந்த நிலத்தில் விளைகிறது. தேனுக்கு இருந்த தடை இதற்கு இல்லை. ஆயினும் அயலிலிருந்து வருபவரிடம் விளைச்சலை ஒப்படைக்கும் விவசாயிக்கு முதல் ஈடு அவரது சொல்லே என்பதில் மாற்றமில்லை.

விலகுவதும் தலைமையே

மென்பொருள் துறையில் தமிழர் தொடங்கிய இரு நிறுவனங்களை இங்கே குறிப்பிடலாம். 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிரெஷ்வொர்க்ஸின் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பை அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் 2024-இல் வேறொருவரிடம் ஒப்படைத்தார். ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து விலகி, தலைமை அறிவியலாளராக ஆராய்ச்சிப் பணியை ஏற்றார். இருவரும் நிறுவனம் நன்கு வேரூன்றிய பின்னரே இதனைச் செய்தனர். சிறு நகரத்தில் ஐந்து பேருடன் தொழில் தொடங்குபவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து, எழுதி வைத்த விலைப்பட்டியல், வாடிக்கையாளரின் பெயர் முகவரிகள் அடங்கிய பொதுப் பதிவேடு ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே செய்யலாம். இவற்றுக்குச் செலவும் அதிகமில்லை.

முன்னர்க் குறிப்பிட்ட அனுபவத்துக்குப் பின், பரிசீலனைக் கூட்டங்களில் நான் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறேன்: 'அடுத்த மாதம் முழுவதும் நீங்கள் ஊரில் இல்லை, ஆர்டர் வந்தால் என்ன நடக்கும்?' பெரும்பாலோர் தொலைபேசியில் தாமே பார்த்துக்கொள்வதாகக் கூறுவர். சென்ற ஆண்டு விண்ணப்பித்த ஓர் இளம்பெண் மட்டும் விடை சொல்லவில்லை. உடன் வந்திருந்த கணக்கர் பக்கம் திரும்பி, 'நீங்களே சொல்லுங்கள் அண்ணா' என்றார். கணக்கர் பத்து நிமிடம் விளக்கினார். அதில் இரு இடங்களில் அப்பெண் தாமே குறிப்பெடுத்துக்கொண்டார்.