தறி ஓடும் வீடுகளில் மின் பாதுகாப்பு

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்துள்ள புத்தூர், நகரி, நாராயணவனம் வட்டாரம் விசைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. நகரி பழைய மாவட்டத்திலேயே நீடித்தது. எல்லைகள் மாறினும் தொழிலின் அமைப்பு மாறவில்லை. பல குடும்பங்களுக்கு வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. ஆகவே, தொழிற்சாலையில் உழைப்பாளிக்கு மட்டுமே நேரக்கூடிய மின் அபாயம், இங்குப் பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்தே சூழ்ந்துள்ளது. நாடு முழுவதும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்தாக்குதலால் மாண்டுள்ளனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

‘பியூஸ் இருக்கிறது, ஆபத்து இல்லை’ என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறானது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் உடலில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட இயலாது போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டு அது நீடிப்பின் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும். ஈரமான உடலின் மின்தடை 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க இது போதும்; ஆனால் 5,000 மில்லி ஆம்பியரைத் தாங்கும் ஐந்து ஆம்பியர் பியூஸ் இதனை உணர்வதே இல்லை. பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று.

மனிதனைக் காப்பவை இரண்டு. முதலாவது, நல்ல நில இணைப்பு. மோட்டாரின் காப்புறை பழுதுற்று அதன் உடலில் மின்சாரம் ஏறினால், அது தரைக்குச் செல்ல இதுவே வழி. கோடையில் மண் உலர்ந்து மின்தடை 20 ஓம் ஆகிவிட்டால், 11.5 ஆம்பியரே பாயும். 15 ஆம்பியர் பியூஸ் உருகாது. தறியின் இரும்புச் சட்டம் மின்னேறியே நிற்கும். எனவே நில இணைப்புக் குழியில் நீரூற்றி ஈரம் காப்பதும், மின்தடையை ஆண்டுதோறும் அளந்தறிவதும் அவசியம். இரண்டாவது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பான். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

மோட்டாரின் மீது படியும் பஞ்சுத் துகள் தீக்கு வித்தாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதனை அகற்ற வேண்டும். தறியில் கட்டிய கொடியில் ஈரத்துணி உலர்த்தலாகாது. எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால், அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துதல் வேண்டும். மூச்சு நின்றிருப்பின் உடனே முதலுதவி அளித்து 108 ஊர்தியை அழைக்கலாம்.

கசிவுத் துண்டிப்பானின் விலையைச் செலவாகக் கருதித் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. உழைப்பவர் ஒருவரை இழந்தால் தறி நிற்கும், கடன் நிற்காது. இக்கணக்கை உணர்ந்த குடும்பம் அச்செலவை முதலீடாகவே கருதும்.